வயித்துல புள்ளையோட சத்தமில்லாம ஊருக்கு கிளம்புறீங்களா? நான் பண்ணின தப்ப நீங்க பண்ணாதீங்க

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு ஷார்ஜால இருந்து ஒரு பொண்ணு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தா. "அக்கா, 29 வாரம் ஆகுது, அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்புறேன், யாருக்கும் தெரியாது, நீங்க எப்படி வந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க." பின்னாடி குக்கர் விசில் அடிக்குது, இவ பாத்ரூம்ல நின்னு பேசுற மாதிரி கிசுகிசுக்குறா. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வயித்த பிசையவும் செஞ்சுது. நாலு வருஷத்துக்கு முன்னாடி நானும் அதே ஊர்ல அதே மாதிரி கிசுகிசுத்துக்கிட்டு நின்னவதான்.

என் கதை சுருக்கமா. அவருக்கு கம்பெனில மூணு மாசமா சம்பளம் இழுத்துக்கிட்டே இருந்தாங்க, ஃப்ளாட் வாடகை செக் தேதி நெருங்குது. அதுக்கு முன்ன ஒரு தடவ 11 வாரத்துல கலைஞ்சு போய், ஊர்ல இருந்து ஆளாளுக்கு போன் பண்ணி துக்கம் விசாரிச்சதுல நான் பாதி செத்துட்டேன். அதனால இந்த தடவ அம்மாவத் தவிர யாருக்கும் சொல்லல. 30 வாரத்துல ஒரு நாள் விடிகாலை ஃப்ளைட்ல திருச்சி, அங்கிருந்து கார்ல மன்னார்குடி, முடிஞ்சது. அதுக்கப்புறம் எப்படியோ என் நம்பர் கை மாறி கை மாறி இது வரைக்கும் பத்து பன்னெண்டு பொண்ணுங்க கேட்டுட்டாங்க, அத்தன பேரும் நான் பண்ணின அதே தப்பத்தான் வரிசையா பண்றாங்க.

பாஸ்போர்ட் எடுத்துக்கோங்க, தண்ணி நிறைய குடிங்க, ஐல் சீட் போடுங்க, இதெல்லாம் எழுதப் போறதில்ல. அது உங்களுக்கே தெரியும்.

மாசக் கணக்குல டிக்கெட் போடறது

நம்ம வீட்ல ஏழாம் மாசம், ஒம்பதாம் மாசம்னுதான் பேச்சு. ஏர்லைன்ஸ்காரனுக்கு அது புரியாது, அவனுக்கு வாரம்தான். அதுவும் டிக்கெட் போடற அன்னிக்கு எத்தன வாரம்ங்கறது கணக்கில்ல, பறக்குற அன்னிக்கு எத்தனங்கறதுதான் கணக்கு. எமிரேட்ஸ்ல 29 வாரம் வரைக்கும் லெட்டர் இல்லாம போகலாம், அதுக்கு மேல டாக்டர் லெட்டர், 36 தாண்டினா ஏத்த மாட்டாங்க, ரெட்டைப் புள்ளன்னா 32தான். மத்த ஏர்லைன்ஸ்ல கணக்கு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், அவங்கவங்க சைட்ல பார்த்துக்கோங்க. லெட்டர்ல ஒத்தையா ரெட்டையா, டெலிவரி தேதி எப்ப, சிக்கல் எதுவும் இல்ல, இந்த தேதி வரைக்கும் பறக்கலாம், இவ்வளவும் இருக்கணும், டாக்டர் கையெழுத்தும் சீலும் இருக்கணும். "ஷி ஈஸ் ஃபிட்"னு ஒத்த வரி எழுதிக் குடுத்தத எடுத்துட்டுப் போய் கவுன்ட்டர்ல அழுத பொண்ண எனக்குத் தெரியும்.

அபாயா போட்டு மறைச்சுக்கலாம்னு சில பேருக்கு ஒரு ஐடியா. தாயே, அது ரகசியம் இல்ல, பைத்தியக்காரத்தனம். நடுவானத்துல வலி வந்தா உங்களுக்கு எத்தனாவது வாரம்னு யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியிலயும் வாயத் திறக்காம வர்றது

ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு நம்ம ஊர்ப் பொண்ணு, ஃபைல் கேட்டா எங்கன்னு கேப்பா, வெளிய போயிரும், அப்படின்னு பயந்து ஃபைல் வாங்காமலே கிளம்பிடுறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு ஓ நெகட்டிவ், வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ். அந்த மாதிரி இருந்தா 28வது வாரம் வாக்குல ஆன்டி-டி ஊசி (அம்மா ரத்தமும் குழந்தை ரத்தமும் ஒத்துப்போகாம சிக்கல் வராம தடுக்கற ஊசி) போடணும், குழந்தை பாசிட்டிவா பிறந்தா 72 மணி நேரத்துக்குள்ள மறுபடியும் போடணும். இவ 27ல கிளம்பி வந்து, வளைகாப்பு, குலதெய்வம் கோயில்னு சுத்திட்டு 31ல டாக்டர்கிட்ட போயிருக்கா, கையில ஒரு பேப்பர் இல்ல. நல்லவேளையா ரத்த டெஸ்ட்ல பிரச்சன எதுவும் இல்ல, அன்னிக்கே ஊசி போட்டுட்டாங்க. சுகர் டெஸ்டும் 24ல இருந்து 28 வாரத்துக்குள்ள பார்க்கணும், சரியா பெட்டி கட்டுற நேரம்தான் அதுவும், அதனால மறந்தே போகும். ரத்த ரிப்போர்ட், ஸ்கேன், ஊசி போட்ட தேதி, இந்த மூணும் கையில பேப்பராவும் போன்ல போட்டோவாவும் இருக்கட்டும்.

ஆபீஸ்ல காரணம் சொல்லாம ரிசைன் பண்றது

வேலை பார்க்கற பொண்ணுங்களுக்கு இது. யுஏஇ தனியார் கம்பெனி சட்டப்படி பிரசவ லீவு 60 நாள், அதுல 45 நாள் முழு சம்பளம், 15 நாள் பாதி. ஒருத்தி எச்ஆர்கிட்ட சொன்னா ஆபீஸ் முழுக்க தெரிஞ்சிரும்னு "ஃபேமிலி ரீசன்"னு எழுதிக் குடுத்துட்டு வந்தா. அந்த சம்பளம் எல்லாம் போச்சு. எச்ஆர் ஒண்ணும் உங்க சித்தி இல்ல, சொல்லுங்க.

சாமான்

டயப்பர், பேபி சோப்பு எல்லாம் மன்னார்குடியிலயே கிடைக்குது. விடுங்க.

நர்ஸம்மாவுக்கு பயந்து ஒளியறது

இதுதான். இத நினைச்சா இன்னிக்கும் எனக்கு பத்திக்கிட்டு வரும்.

நான் வந்து இறங்கின ரெண்டாவது நாள் அம்மா சொன்னாங்க, "ஆரம்ப சுகாதார நிலையத்துல, அதான் பி.எச்.சி.ல, பேர் பதிஞ்சிட்டு வந்துரலாம்டி, பிக்மி நம்பர் வாங்கணுமாம்." கர்ப்பத்த அரசாங்கத்துல பதிஞ்சா குடுக்கற நம்பர்தான் அது. நான் கேக்கல. நமக்கு எதுக்கும்மா அது, அது கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபா உதவி தர்ற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துக்கு குடுக்கறது, நாம தஞ்சாவூர்ல பிரைவேட்லதான பார்க்கப் போறோம், அதுவும் இல்லாம பேர் பதிஞ்சா நர்ஸம்மா வீடு தேடி வருவாங்க, வாசல்ல வண்டிய நிறுத்தி "மாத்திரை சாப்பிடறியாம்மா"ன்னு கேட்டா தெருவுக்கே தெரியும், நான் எதுக்கு ராத்திரியோட ராத்திரியா வந்தேன்? இப்படி ஒரு லெக்சர் அடிச்சேன். அம்மா பாவம், படிச்ச புள்ள சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டாங்க.

விஷயம் என்னன்னா தமிழ்நாட்டுல 2017ல இருந்தே பிறப்புச் சான்றிதழுக்கு அந்த பிக்மி நம்பர கேக்கறாங்க, ஆர்.சி.எச். நம்பர்னும் சொல்வாங்க, 12 இலக்கம். பணக்காரங்க, ஏழை, கவர்மென்ட் ஆஸ்பத்திரி, பிரைவேட், எல்லாருக்கும் ஒரே கதைதான். வெளிநாட்டுல இருந்து கடைசி நேரத்துல வந்தவங்களுக்கும்தான். திட்டத்துல பணம் வாங்கறது வேற, கர்ப்பத்த பதியறது வேற. ரெண்டுக்கும் ஒரே நம்பர்ங்கறதால என்ன மாதிரி அரைகுறைங்க ரெண்டையும் போட்டு குழப்பிக்கறோம்.

அட்மிஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரில ஃபார்ம் நிரப்பற பொண்ணு கேட்டா, "பிக்மி நம்பர் சொல்லுங்க." இல்லன்னேன். அவ பேனாவ வச்சுட்டு என்னப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை, எனக்கு ஏற்கனவே அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வலி, அந்தப் பார்வை அத விட மோசம். "சரி, டிஸ்சார்ஜுக்குள்ள வாங்கிருங்க"ன்னா. சிசேரியன் ஆச்சு, அஞ்சாம் நாள் வீட்டுக்கு வந்தாச்சு, நம்பர் வாங்கல. அம்மா என்னப் பார்ப்பாங்களா, பையனப் பார்ப்பாங்களா, இல்ல பி.எச்.சி.க்கு அலைவாங்களா? அப்பாவுக்கு என்ன கேக்கணும்னே தெரியல. அங்க போனா ஆதார் கேட்டாங்க. என் ஆதார்ல சென்னை அட்ரஸ், கல்யாணத்துக்கு முன்னாடி வேலை பார்த்தப்ப எடுத்தது, போன் நம்பரும் பழசு, ஓடிபி வராது. அத மாத்த ஒரு அலைச்சல். நடுவுல ரெண்டு லீவு, ஒரு முகாம், "நாளைக்கு வாங்க."

பிறப்ப 21 நாளுக்குள்ள பதிஞ்சா காசில்ல. அது தாண்டினா தாமதக் கட்டணம், 30 நாளும் தாண்டிட்டா மேல அதிகாரிகிட்ட அனுமதி, கூடுதல் பேப்பர்னு போகும். குழந்தை எங்க பிறந்துச்சோ அங்கதான் பதியணும்ங்கறது இன்னொரு கூத்து, நம்பர் மன்னார்குடி பக்கம், பதிவு தஞ்சாவூர். தையல் போட்ட வயித்தோட பஸ்ல போக முடியாது, ஒவ்வொரு தடவையும் கார்.

சான்றிதழ் கையில வந்தப்ப பையனுக்கு ரெண்டரை மாசம். அதுக்கப்புறம்தான் அவனுக்கு பாஸ்போர்ட் போடவே முடியும், அவனோட அப்பா வெளிநாட்டுல இருக்கறதால அவர் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்துல போய் சம்மதக் கடிதத்த அட்டெஸ்ட் பண்ணி அனுப்பணும், அதுக்கு அவருக்கு லீவு கிடைக்கணும். இந்தப் பக்கம் என் விசாவுக்கு கடிகாரம் ஓடிக்கிட்டிருக்கு. யுஏஇ ரெசிடென்ஸ் விசா சாதாரணமா ஆறு மாசம் தொடர்ந்து வெளிய இருந்தா செல்லாம போயிரும். நாங்க அத கேன்சல் பண்ணாம வந்ததே, கம்பெனி நிமிர்ந்தா திரும்பிப் போலாம்னு ஒரு கதவ திறந்து வச்சுட்டு வந்ததுதான். கணக்குப் போட்டுப் பாருங்க, 30 வாரத்துல வந்தேன், 39ல பிரசவம், அதுலயே ரெண்டு மாசம் காலி, சான்றிதழுக்கு ரெண்டரை, மிச்சம் இருந்த ஒன்றரை மாசத்துல பாஸ்போர்ட்டும் வந்து, பையனுக்கு விசாவும் வந்து, நான் கிளம்பணும். நடக்கல. பாஸ்போர்ட் தபால்ல வந்த அன்னிக்கு என் விசா போய் எட்டு நாள் ஆகியிருந்துச்சு. திரும்ப முதல்ல இருந்து ரெண்டு பேருக்கும் விசா, மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடின்னு எடுக்க கையில காசில்ல. அவரு ஒரு வருஷம் தனியா பெட் ஸ்பேஸ்ல, அதாவது பல பேர் தங்கற ரூம்ல ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்து, கிடந்துட்டு அவரும் வந்துட்டாரு.

இப்ப இன்னும் கறார். 2023 அக்டோபர் 1லயும் அதுக்கு அப்புறமும் பிறந்த பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட்டுக்கு பிறந்த தேதி ஆதாரம்னா பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான், வேற பேப்பர் எதுவும் செல்லாது.

அதனால ஊருக்கு வந்த முதல் வாரமே பி.எச்.சி., டவுன்ல இருந்தா நகர்ப்புற சுகாதார நிலையம், போய் பதிஞ்சிருங்க. கிளம்பறதுக்கு முன்னாடியே பிக்மி சைட்ல நீங்களே முன்பதிவு போட்டு வைக்கலாம், அப்புறம் நர்ஸ் சரிபார்த்து நம்பர் குடுப்பாங்க. அங்க இருக்கும்போதே ஆதார எடுத்துப் பாருங்க, போன் நம்பர் உயிரோட இருக்கான்னு. ஆதாரே இல்லன்னா இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்க வந்து இறங்கின உடனே அப்ளை பண்ணலாம், 182 நாள் இங்க தங்கினாதான் முடியும்னு காத்திருக்கத் தேவையில்ல.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். கடைசியில நம்பருக்காக நர்ஸம்மாவப் பார்க்கப் போனப்ப, பையன மடியில வாங்கிக்கிட்டு அவங்க சொன்னாங்க, "நீ வந்த மறுநாளே தெரியும்மா. பால்காரர் சொன்னாரு. நீயா வருவன்னு பார்த்துட்டு இருந்தேன்."

இங்க வந்து இன்சூரன்ஸ் எடுத்துக்கலாம்னு நினைக்கறது

எடுக்கலாம், ஆனா இந்தப் பிரசவத்துக்கு வராது. மெட்டர்னிட்டிக்கு வெயிட்டிங் பீரியட் பாலிசிக்கு பாலிசி மாறும், மாசக் கணக்குலயும் இருக்கும், வருஷக் கணக்குலயும் இருக்கும். அங்க விசாவ கேன்சல் பண்ணினா அந்த இன்சூரன்ஸும் போயிரும். கைக்காசுதான்னு முடிவு பண்ணிக்கிட்டு சிசேரியனுக்கே பணம் எடுத்து வைங்க.

ஆணா பொண்ணான்னு ஊர்ல கேக்கறது

அங்க சொல்லுவாங்க. இங்க சொல்லவே கூடாதுன்னு 1994 சட்டம் இருக்கு. கேக்காதீங்க.

வீட்டுக்குள்ளயே ஆளுக்குத் தெரியாம கிளம்பறது

எல்லாரும் கண்ணுபடும்னு மறைக்கறதில்ல. அடி, உதைக்கு பயந்து கிளம்பறவங்களும் என்கிட்ட பேசியிருக்காங்க, ரெண்டு பேர். அவங்களுக்கு மேல சொன்ன எதுவும் முதல் கவலை இல்ல. டிக்கெட்ட வீட்டுக்காரரோட கார்டுல போடாதீங்க, எஸ்எம்எஸ் அவருக்குப் போகும். வீட்டுக்கு பொதுவா இருக்கற மெயில் ஐடியும் குடுக்காதீங்க, போன்ல லொக்கேஷன் ஷேரிங் ஆன்ல இருக்கான்னு பாருங்க. பாஸ்போர்ட்ட ஒளிச்சு வச்சிருந்தா அதோட முடிஞ்சுபோச்சுன்னு உக்காந்துறாதீங்க, ஊருக்கு ஒரு வழி போக எமர்ஜென்சி சர்டிஃபிகேட்னு ஒண்ணு தூதரகத்துல குடுப்பாங்க. துபாய்ல துணைத் தூதரகத்தோட பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா, அதாவது அங்க இருக்கற இந்தியர்களுக்கான உதவி மையம் இருக்கு, எந்த நேரமும் போன் எடுப்பாங்க. ஆனா ஒருத்தர்கிட்டயாவது ஃப்ளைட் நம்பர சொல்லிட்டு ஏறுங்க, திருச்சியிலயோ சென்னையிலயோ உங்களுக்காக ஒரு முகம் வாசல்ல நிக்கணும். அதுல ஒருத்தி 33 வாரத்துல தனியா இறங்கி, டிராலில ரெண்டு பெட்டியத் தள்ளிக்கிட்டு, யாரக் கூப்பிடறதுன்னு தெரியாம ஒரு மணி நேரம் சேர்ல உக்காந்திருந்தேன்னு சொன்னா.

மாமியாருக்கு கடைசியா சொல்றது

இதுக்கு என்கிட்ட வழி ஒண்ணும் இல்ல. பையனுக்கு மூணு வயசு முடிஞ்சிருச்சு, எங்க வீட்ல அந்தப் பேச்சு இன்னும் முடியல.