கெஸ்ட் வருமுன் முடிந்திருக்க வேண்டிய வேலைகள்

ஒரு ஹோட்டலை நடத்தும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தால், முதல் நாள் லாபியில் நேரம் செலவழிக்காதீர்கள். நேராக லினன் ரூமுக்குப் போங்கள். மடித்து வைத்த பெட்ஷீட்டும் டவலும் அலமாரியில் எவ்வளவு இருக்கின்றன என்று பாருங்கள். அடுத்து ஊழியர்கள் சாப்பிடும் இடம், அவர்களுடைய கழிப்பறை. பிறகு ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் இருக்கும் லாக் புக், அதாவது ஒரு ஷிப்டில் நடந்ததை அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைக்கும் நோட்டு. ரூம் பாயாகச் சேர்ந்து, ரிசப்ஷனில் நைட் ஷிப்ட் பார்த்து, மேனேஜராக வந்தவன் நான். ஒரு ஹோட்டலில் கெஸ்ட்டை எப்படிக் கவனிக்கிறார்கள் என்பது இந்த நான்கு இடங்களிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

நல்ல சேவை என்றால் ரிசப்ஷனில் நிற்பவரின் சிரிப்பு என்று நம் தொழிலில் பலர் நினைக்கிறார்கள். எதிரே நிற்கும் கெஸ்ட்டுக்குக் கொடுக்க ரூம் தயாராக இல்லாதபோது அவர் எப்படிச் சிரிப்பார்? சேவைத் தரத்தை ஆராய்ந்த பரசுராமன், ஜைத்தாம்ல், பெர்ரி ஆகிய மூவரும் 1980-களில் அதை ஐந்து அம்சங்களாகப் பிரித்தார்கள்: சொன்னதைச் சொன்னபடி செய்வது, உடனே உதவ முன்வருவது, நம்பிக்கை தரும் திறமை, பரிவு, கண்ணில் படும் கட்டடமும் பொருட்களும். வாடிக்கையாளர்கள் முதலிடம் கொடுத்தது சொன்னதைச் செய்வதற்கு. கட்டடமும் பொருட்களும் கடைசியில் வந்தன. லாபிக்குப் புது சோஃபா வாங்குவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ரூம்

லினன் குறைந்தது மூன்று செட் வேண்டும். ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். இரண்டு செட்டை வைத்து ஓட்டும் இடங்களில் மதியம் என்ன நடக்கும் தெரியுமா? ரூமைக் கூட்டித் துடைத்து முடித்த பணியாளர், ஷீட் வரவில்லை என்று லாண்டரி வாசலில் நிற்பார். அதே நேரம் ரிசப்ஷனில் செக்-இன் வரிசை நீளும். அங்கே நிற்பவர் வாங்கும் திட்டுக்குக் காரணம் எப்போதோ தள்ளிப்போட்ட ஒரு பெட்ஷீட் ஆர்டர்.

இன்று யார், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்ற பட்டியல் தினமும் காலையில் ரிசப்ஷனிலிருந்து ஹவுஸ்கீப்பிங்குக்குப் போக வேண்டும். சீக்கிரம் வருபவரின் ரூம் முதலில். மாடி வரிசைப்படி சுத்தம் செய்வது பணியாளருக்கு வசதிதான், ஆனால் காலையில் வரப்போகிறவரின் ரூம் மேல் மாடியில் அழுக்காகக் கிடந்தால் அந்த வசதியால் பயனில்லை. வேலையைப் பங்கிடும்போது ரூம் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். கெஸ்ட் காலி செய்த ரூமுக்கு அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். தங்கியிருப்பவரின் ரூமுக்கு அதில் பாதி போதும். ஒருவருக்குப் பதினான்கு செக்-அவுட் ரூமும் இன்னொருவருக்குப் பதினான்கு தங்கும் ரூமும் கொடுத்துவிட்டுச் சமமாகப் பிரித்தேன் என்று சொல்லக் கூடாது. அந்த வித்தியாசம் பாத்ரூம் மூலையில் தலைமுடியாகத் தெரியும்.

நீங்களே ஒவ்வொரு வகை ரூமிலும் ஒரு இரவு தூங்குங்கள். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. கட்டிலில் படுத்து விளக்கை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். திரையை மூடி எல்லா விளக்கையும் அணைத்தபின் டிவி, ஏசி, போன் என்று எத்தனை சின்ன வெளிச்சங்கள் கண்ணைக் குத்துகின்றன? கழிப்பறையில் உட்கார்ந்து பாருங்கள். கதவின் பின்பக்கமும் வாஷ்பேசின் அடிப்பாகமும் அந்த உயரத்தில்தான் தெரியும். ஷவரைச் சில நிமிடம் திறந்துவிட்டுத் தண்ணீர் வடிகிறதா, காலடியில் தேங்குகிறதா என்று பாருங்கள். முந்தைய கெஸ்ட் வைத்த அலாரம் விடியற்காலையில் அடித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு பாடம்.

கெஸ்ட் கண்ணுக்கே தெரியாத ஒன்றும் இருக்கிறது. நாள் கணக்கில் பூட்டிக் கிடக்கும் ரூம்களில் வாரம் ஒரு முறையாவது எல்லாக் குழாயையும் ஷவரையும் திறந்து ஓடவிட வேண்டும். கடுமையான நிமோனியாவைத் தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமுள்ள தேங்கிய நீரில் பெருகும். சுடுநீர்த் தொட்டியை 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். இதற்காக யாரும் நன்றி சொல்லி எழுதப்போவதில்லை, இருந்தாலும் இதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

ஹவுஸ்கீப்பிங்கில் என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் ரூமைப் படிப்பார் என்றே சொல்ல வேண்டும். நாற்காலி ஜன்னலோரம் நகர்ந்திருந்தால் சுத்தம் செய்தபின் அதை அங்கேயே விட்டுவிடுவார். ஒரு தலையணை தரையில் கிடந்தால் மறுநாள் அதை எடுத்து அலமாரியில் வைப்பார். தண்ணீர் பாட்டில் இரண்டும் காலியாக இருந்தால் மூன்றாக வைப்பார். யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. அவர் கவனித்ததை ரிசப்ஷனுக்குச் சொல்லும் வழி ஒன்றை ஏற்படுத்திக் கொடுத்தோம். ஒரு சின்னத் தாள், அவ்வளவுதான். அந்த கெஸ்ட் மறுபடி வரும்போது நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. ஆனால் எதை எழுதலாம் என்பதற்கு எல்லை உண்டு. தலையணை, நாற்காலி, எந்தப் பக்க ரூம் பிடிக்கும் என்பதெல்லாம் சரி. யாரோடு வந்தார், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதைத் தாளிலும் எழுதக் கூடாது, வாயாலும் பேசக் கூடாது.

லாக் புக்

"304 ஏசி கம்ப்ளெயின்ட்" என்று எழுதி வைத்துவிட்டு ஒருவர் ஷிப்ட் முடிந்து போய்விட்டால், காலையில் வருபவருக்கு அதனால் எந்த உதவியும் இல்லை. இப்படி எழுதப் பழக்குங்கள்: "304, இரவு 10.40. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வேறு ரூம் தருகிறோம் என்றோம், குழந்தை தூங்குகிறது, வேண்டாம் என்றார். காலை 9 மணிக்கு அவர்கள் வெளியே போனதும் சரி செய்வதாகச் சொல்லியிருக்கிறோம். மெயின்டனன்ஸுக்குத் தெரியும். 9.30-க்கு மேல் முடிந்ததா என்று பார்க்கவும்." என்ன நடந்தது, என்ன வாக்குக் கொடுத்தோம், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. ஒரே புகாரைக் கெஸ்ட் மூன்று பேரிடம் மூன்று முறை சொல்ல நேர்ந்தால், பழுதைவிட அதுதான் அவரை அதிகம் புண்படுத்தும்.

இரண்டு ஷிப்டுக்கும் நடுவே கால் மணி நேரமாவது இருவரும் ஒன்றாக இருக்கும்படி நேரம் போடுங்கள், அந்தக் கால் மணிக்கும் சம்பளம் கொடுங்கள். தினமும் பத்து நிமிடம் எல்லாத் துறையும் நின்றபடியே பேசட்டும்: இன்று யார் வருகிறார்கள், எந்த லிஃப்ட் ஓடவில்லை, கிச்சனில் இன்று எது கிடையாது. இல்லாத ஒன்றை ஆர்டர் எடுத்துவிட்டுத் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கும் வேலை அப்போது பாதி குறையும்.

காத்திருக்க வைக்கும்போது

காத்திருப்பின் மனநிலையைப் பற்றி மேலாண்மை நிபுணர் டேவிட் மைஸ்டர் 1985-ல் எழுதியவை எங்கள் ரிசப்ஷனில் தினமும் உதவின. சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் இன்னும் நீளும். காரணம் சொல்லாவிட்டாலும், நமக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போய்விட்டாலும் பொறுக்கவே முடியாது.

ஆகவே "இதோ ரெடி ஆயிடும் சார்" என்ற வாக்கியத்தை ரிசப்ஷனில் யாரும் சொல்லக் கூடாது. "உங்க ரூம் 2.45-க்குத் தயாராகும். பையை நாங்க வச்சுக்கிறோம். முகம் கழுவி உடை மாத்தணும்னா இந்தப் பக்கம் இடம் இருக்கு. ரெடியானதும் உங்களுக்குப் போன் பண்றோம்." ஹவுஸ்கீப்பிங் 2.30 என்று சொன்னால் கெஸ்ட்டிடம் 2.45 என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே சாவி கைக்கு வந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

புகார் வந்தால்

கெஸ்ட் முன்னால் நிற்பவருக்கு அதிகாரம் இல்லாவிட்டால் எந்தப் பயிற்சியும் வீண். ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு கெஸ்ட்டின் குறையைத் தீர்க்க, மேலதிகாரியைக் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவழிக்க ஊழியருக்கு அனுமதி உண்டு என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தத் தொகை உங்களுக்கு ஒத்துவராது. உங்கள் ஒரு இரவு வாடகையை எல்லையாக வையுங்கள், அல்லது அதில் பாதியை. ஆனால் ஒரு எல்லையை வையுங்கள், அதை எழுத்தில் கொடுங்கள். அதற்குள் அவர் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அவரைத் திட்டாதீர்கள். ஒரு முறை திட்டினால் போதும், அதன்பின் எல்லோரும் "மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்" என்றுதான் சொல்வார்கள்.

புகாரைக் கேட்கும்போது முழுதும் கேளுங்கள். மன்னிப்பைக் காரணத்தோடு கலக்காதீர்கள். "ஆள் பற்றாக்குறை" என்பது நம் பிரச்சினை, அவருடையதல்ல. இரண்டு வழிகளைச் சொல்லித் தேர்வை அவரிடம் விடுங்கள்: வேறு ரூமா, இந்த ரூமிலேயே சரி செய்வதா? முடியும் நேரத்தைச் சொல்லுங்கள். முடிந்தபின் யாராவது ஒருவர் போய் "இப்போ சரியா இருக்கா?" என்று கேட்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி அடியைத்தான்.

தவறை நன்றாகச் சரிசெய்தால் கெஸ்ட் முன்னைவிட அதிகம் நெருங்குவார் என்றொரு கருத்து 1992 முதல் ஆய்வாளர்களிடையே பேசப்படுகிறது. அதை நம்பித் தைரியமாக இருக்காதீர்கள். அதே கெஸ்ட்டுக்கு இரண்டாவது முறையும் தவறு நடந்தால் எந்தப் பரிகாரமும் எடுபடாது. வாரம் ஒரு நாள் புகார்களை வரிசையாக எடுத்து வைத்து, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். சுடுநீர் வரவில்லை என்று வாரத்தில் நாலு பேருக்குத் தள்ளுபடி கொடுப்பதைவிட ஒரு வால்வை மாற்றுவது மேல்.

ஓவர்புக்கிங் ஆகி, அதாவது இருக்கும் ரூமைவிட அதிகம் பதிவு செய்து, ரூம் இல்லாமல் போனால், கெஸ்ட் வரும்வரை காத்திருக்காமல் மாலையிலேயே பக்கத்து ஹோட்டலில் சமமான அல்லது மேலான ரூமைப் பிடித்து, வண்டியும் ஏற்பாடு செய்து, செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். நள்ளிரவில் குழந்தையோடு வந்தவரை ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

உங்களிடம் வேலை செய்பவர்கள்

சம்பளத்துக்காக முகத்தில் ஒரு உணர்வை வரவழைத்துக் காட்டுவதும் உழைப்புதான் என்று சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983-ல் எழுதினார். எட்டு மணி நேரம் அதைச் செய்தவர் உண்மையாகவே களைத்துப்போகிறார். இரவு பதினொரு மணிக்கு ஷிப்ட் முடித்தவரைக் காலை ஏழு மணிக்கு மறுபடி வரச் சொல்லும் அட்டவணையைப் போட்டுவிட்டு, அவர் முகத்தில் மலர்ச்சி இல்லை என்று குறை சொல்ல நமக்கு உரிமை கிடையாது. இரண்டு வாரம் முன்பே அட்டவணையை ஒட்டுங்கள். ஊழியர் சாப்பாடு நீங்களும் உட்கார்ந்து சாப்பிடும் தரத்தில் இருக்கட்டும். நான் வாரத்தில் பல நாள் அங்கேதான் சாப்பிட்டேன். எந்த ரூம் கதவு ஒட்டிக்கொள்கிறது என்பதை எந்த அறிக்கையையும்விட அங்கேதான் முதலில் கேட்டேன்.

கெஸ்ட் சொல்வது எல்லாம் சரி என்று ஊழியர்களிடம் சொல்லாதீர்கள். கெஸ்ட் ஒருவர் கெட்ட வார்த்தை பேசினால், தொட்டால், ரூமுக்குள் தனியாகக் கூப்பிட்டால், உடனே வெளியே வந்துவிடலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டோம் என்று முதல் நாளே சொல்லுங்கள். அந்த கெஸ்ட்டிடம் மேனேஜர் போய்ப் பேச வேண்டும். மேனேஜர் தனக்காக நின்றார் என்று பார்த்த ஊழியர், அடுத்த கெஸ்ட்டிடம் பயமில்லாமல் போவார்.

கிளம்பும் நேரம்

ஓர் அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் நினைவில் அதிகம் தங்கும் என்று உளவியலாளர் டேனியல் கானெமனின் ஆய்வுகள் காட்டின. ஹோட்டலில் அந்த முடிவு பெரும்பாலும் பில் தகராறில் அமைகிறது. முந்தின இரவே பில்லைக் காட்டிவிடுங்கள். சின்னத் தொகையில் வாதம் வந்தால் விட்டுக்கொடுங்கள். வண்டிக்கு நேரமாகிவிட்டவரை நிற்க வைத்து, ரூமைச் சோதித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லாதீர்கள்.

கெஸ்ட் மறந்துவிட்டுப் போன பொருளுக்குத் தேதி, ரூம் எண், எடுத்தவர் பெயர் மூன்றையும் எழுதிப் பூட்டி வையுங்கள். ஆனால் நீங்களாக அவர் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டாம். அவர் அங்கே தங்கியது வீட்டில் யாருக்காவது தெரியாமல் இருக்கலாம், அதைச் சொல்வது நம் வேலை கிடையாது. அவர் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கும்படி எல்லா ஷிப்டுக்கும் அந்தப் பதிவேடு இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.