பலேக் பெட்டி வாங்குமுன் ஒரு லென்ஸ்

ரஷ்யாவின் பலேக் கிராமத்து அரக்குப் பூச்சுப் பெட்டியை வாங்குமுன், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் அதன்மேல் உள்ள ஓவியத்தின் முகங்களையும் பொன் கோடுகளையும் பாருங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப் படம். மேலே பூச்சு அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கையால் வரைந்ததில், முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணத்தைத் தூரிகை இழுத்த தடம் இருக்கும். குதிரைப் பிடரியின் பொன் இழை ஓரிடத்தில் தடித்து நுனியில் மெலியும். விரலால் தடவிப் பார்ப்பது வீண், மேல்பூச்சு எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிடும்.

அரக்குப் பெட்டி செய்யும் இன்னொரு ரஷ்யக் கிராமமான ஃபெதோஸ்கினோவின் பெட்டி என்றால் பொன் கோட்டைத் தேடாதீர்கள். அங்கே எண்ணெய் வண்ணம். சிலவற்றில் வண்ணத்துக்கு அடியில் முத்துச்சிப்பி பதித்திருப்பார்கள், சாய்த்தால் மினுங்கும். அச்சின்மேல் கையால் வண்ணம் தீட்டிய கலப்படத்தில் புள்ளிகள் மறைந்துபோகலாம். இணையத்தில் படம் பார்த்து வாங்கும்போதும் இந்தச் சோதனை கைகொடுக்காது.