கரடுமுரடான பாதையில் ஓடும் ஜீப்பின் அடிப்பாகத்துக்கு வீட்டிலேயே பாதுகாப்புப் பூச்சு பூசும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உப்புக்காற்று இல்லாததால், சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஓடும் வண்டி அரிக்கப்படும் வேகத்தில் இங்குள்ள வண்டி அரிக்கப்படுவதில்லை. இங்கே அடிப்பாகத்தைக் கெடுப்பவை வேறு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மண்பாதைகளிலும் கல்குவாரிகளுக்குச் செல்லும் சாலைகளிலும் சக்கரம் தெறிக்கவிடும் கருங்கல் சில்லுகள் பெயின்ட்டைப் புள்ளி புள்ளியாகப் பெயர்க்கின்றன. மழைக்காலத்தில் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் மூலைமுடுக்குகளில் ஏறி அமரும் செம்மண், வெளிப்புறம் காய்ந்த பிறகும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தப் புள்ளிகளில் துருவைத் தொடங்கி வைக்கிறது. ஆகவே நமக்குத் தேவைப்படுவது தடிமனான பூச்சைவிட, கல்லடியில் பெயராமல் இரும்போடு இறுகப் பற்றிக்கொள்ளும் பூச்சும், மண்ணும் நீரும் தங்காமல் வெளியேற வழிவிடும் துளைகளும், கண்ணுக்குத் தெரியாத உட்பகுதிகளுக்கு ஒரு மெழுகுப் படலமும்தான்.

கடைகளில் முதலில் எடுத்துக் காட்டப்படுவது கறுப்பு நிற ரப்பர் கலந்த பிட்டுமன் (தார் வகை) பூச்சு. விலை குறைவு, அடிப்பதும் எளிது, சத்தமும் சற்று அடங்கும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகி வெடிக்கும். வெடிப்பின் வழியே புகும் நீர் பூச்சுக்கும் இரும்புக்கும் இடையே தேங்கி, வெளியே பளபளப்பாகத் தெரியும்போதே உள்ளே துருவை வளர்க்கும். துருவின் மேலேயே இதை அடித்து விற்கப்படும் பழைய வண்டிகளும் உண்டு என்பதால், வாங்கும்போது அடிப்பாகம் புதுக் கறுப்பாக மின்னினால் ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்ப்பது நல்லது. கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும் இடத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். சேஸிஸில் ஓட்டையோ தகடு பிரிதலோ இருந்தால் பூச்சு வேலையை நிறுத்திவிட்டு வெல்டிங் தெரிந்த நல்ல பட்டறைக்கு வண்டியைக் கொண்டுசெல்ல வேண்டும். எந்தப் பூச்சும் பலத்தைத் திருப்பித் தராது.

நான் பரிந்துரைக்கும் அடுக்குகள் மூன்று. இரும்பின் மேல் இரண்டு கலவைகளைச் சேர்த்துப் பூசும் எபாக்ஸி பிரைமர். கல்லடி அதிகம் படும் வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு), கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ எனும் பகுதி, பின்புறத் தளம் ஆகியவற்றில் அதற்கு மேல் பாலியூரித்தேன் லைனர் எனும் சொரசொரப்பான தடித்த பூச்சு. சேஸிஸ் குழாய், கதவு, சில் ஆகியவற்றின் உட்புறத்தில் மெழுகு. உன்னிச்செடியும் வேலிக்கருவேலமும் கிழிக்கும் கதவின் கீழ்ப்பகுதிக்கும் லைனர் பொருந்தும். செராமிக் கோட்டிங் முள் கீறலைத் தடுக்காது என்பதால் அதற்குச் செலவிட வேண்டியதில்லை.

வேலைக்கு ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச் மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் ஈரம் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியற்காலைப் பனி உலோகத்தின் மேல் நீராகப் படியும். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழும், உலோகத்தின் வெப்பநிலை பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாகவும் இருக்கும்போதே பூச வேண்டும் என்பது பூச்சு வேலையின் பொது விதி. ஏப்ரல், மே வெயிலில் இதற்கு நேர்மாறான சிக்கல் வருகிறது: கைவைக்க முடியாத அளவுக்குச் சுட்ட தகட்டின் மேல் தின்னர் உடனே பறந்துவிட, பூச்சு பரவி ஒட்டாமல் தூள் தூளாக நின்றுவிடும். நிழலான கொட்டகையில், பனி விலகிய காலை முதல் நண்பகல் வரை பூசுவது பாதுகாப்பானது.

வேலையின் பெரும்பகுதி சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டுகளின் மேல் இறக்கிய பிறகே அடியில் படுக்க வேண்டும். சக்கரங்களையும் மட்கார்டின் உட்புற பிளாஸ்டிக்கையும் கழற்றிவிட்டு, அழுத்த நீரால் மண்ணை முழுவதும் வெளியேற்ற வேண்டும். சேஸிஸ் குழாயின் துளைகளுக்குள்ளும் நீரைச் செலுத்தி, வரும் நீர் தெளியும் வரை விடாமல் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் அடிப்பாகத்துக்கு டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ அடிக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களைக் கெடுத்து மண்ணை ஒட்டவைக்கும் அந்த எண்ணெய், புதிய பூச்சு பற்றுவதற்கும் பெரும் தடை. எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் டிகிரீசர் போட்டு, தேய்த்து, கழுவி, மீண்டும் அதையே செய்த பிறகு ஒரு கைப்பிடி நீரைத் தெளித்துப் பார்க்கலாம். நீர் ஒரே படலமாகப் பரவினால் எண்ணெய் போய்விட்டது. தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாக உருண்டால் இன்னும் இருக்கிறது. எண்ணெய் போகும் முன் உப்புத்தாள் போடக் கூடாது. தேய்க்கும்போது எண்ணெய் இரும்பின் கீறல்களுக்குள் இறங்கிவிடும்.

துருப்பிடித்த இடங்களில் கிரைண்டரில் மாட்டிய கம்பி பிரஷ் வேகமாக வேலை செய்யும் என்றாலும், அது இரும்பை வழவழப்பாக்கிவிடுகிறது. பூச்சு பற்றிக்கொள்ள சொரசொரப்பு தேவை என்பதால், பிரஷ் போட்ட பிறகு 80 எண் உப்புத்தாளால் ஒருமுறை தேய்க்க வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் கம்பெனி பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. 180 முதல் 320 எண் தாளால் அதன் பளபளப்பை மங்கச் செய்தால் போதும். கண்ணாடியும் முகமூடியும் அணிவதற்குச் சோம்பல் கூடாது.

டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம் கொண்ட ரஸ்ட் கன்வெர்ட்டர், எட்டாத குழிகளில் எஞ்சியிருக்கும் துருவை நிலையான சேர்மமாக மாற்றுகிறது. உரிந்து விழும் துருவின் மேலும், பளிச்சென்ற வெறும் இரும்பின் மேலும் அதைப் பூசுவதால் பயனில்லை. எஞ்சிய அமிலம் சில எபாக்ஸிகளை இறுகவிடாது. எனவே இரண்டு டப்பாக்களின் குறிப்புகளும் ஒத்துப்போகின்றனவா என்று வாங்கும் முன்பே படித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு மறைப்பு வேலை. பிரேக் டிஸ்க், காலிப்பர், பிரேக் ஹோஸ், சைலன்சர், ரேடியேட்டர், சென்சார்கள், எர்த் இணைப்புகள், கிரீஸ் நிப்பிள்கள், ஆக்சிலின் காற்றுக்குழாய், ரப்பர் புஷ்கள் ஆகிய எவற்றின் மேலும் பூச்சு படக் கூடாது. இன்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் ஒருபக்கம் பூச்சு கனத்தால் சமநிலை கெட்டு வண்டி அதிரும். சேஸிஸ் எண் பொறிக்கப்பட்ட இடத்தை டேப்பால் மூடிவிட்டு, கடைசியில் ஒளி ஊடுருவும் மெழுகை மட்டும் தடவ வேண்டும், எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனையின்போதோ பெயர் மாற்றத்தின்போதோ அந்த எண்ணைப் படிக்க முடியாவிட்டால் அலைச்சல்தான். வண்டியின் வெளி நிறத்தையே லைனரால் மாற்ற நினைப்பவர்கள் பதிவுச் சான்றிதழிலும் அதைப் பதிவு செய்ய வேண்டும். வடிகால் துளைகளில் சிறு கட்டை அல்லது பஞ்சு அடைத்து, எத்தனை அடைத்தோம் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வெறும் இரும்பு காற்றில் மீண்டும் துருவேறத் தொடங்கும் என்பதால் தேய்த்த அன்றே எபாக்ஸியைப் பூசிவிட வேண்டும். கலவை விகிதம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும். கண்மதிப்பில் ஊற்றாமல் அளவுக் கோப்பையில் அளக்க வேண்டும். கலந்த பிறகு பயன்படுத்தக்கூடிய நேரம் வெயில் ஏற ஏறக் குறைவதால் சிறிது சிறிதாகக் கலப்பதே சிக்கனம். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் விளிம்புகள், போல்ட் தலைகள், வெல்டிங் கோடுகள் ஆகியவற்றைப் பிரஷ்ஷால் முதலில் பூசிவிட்டு, அதன் பிறகு பரந்த பகுதிகளைப் பூசினால் விளிம்புகளில் பூச்சு மெலிந்து போகாது. முழுத் தடிமனையும் ஒரே தடவையில் கொண்டுவர முயலாமல் இரண்டு மெல்லிய பூச்சுகளாகப் பூச வேண்டும். அடுத்த பூச்சைத் தாள் போடாமல் பூசக் கால வரம்பு உண்டு. அது கடந்துவிட்டால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்த பிறகே தொடர வேண்டும்.

பாலியூரித்தேன் லைனரைக் காம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் கொண்டு அடித்தால் அழகாக வரும். ஆனால் அதை இறுக வைக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட், மூச்சுக்குழலை ஒவ்வாமைக்கு உள்ளாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு மிகச் சிறிய அளவும் ஆகாது. துணி முகமூடியும் தூசி முகமூடியும் இதற்குப் பயன்படா. வெளியிலிருந்து தூய காற்றைத் தரும் முகக்கவசம் வீட்டில் இருக்காது என்பதால், வீட்டு வேலைக்கு ரோலரும் பிரஷ்ஷுமே சரி என்பது என் முடிவு. அப்போதும் திறந்த இடம், நைட்ரைல் கையுறை, கரிம ஆவிகளை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் முகமூடி ஆகியவை வேண்டும். தேவையான கருவிகள் உள்ள பெயின்ட் பட்டறையில் அந்த ஒரு வேலையை மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தின்னர் ஆவி தீப்பற்றும். அருகில் பீடியோ வெல்டிங்கோ கூடாது.

மெழுகைக் கடைசியில்தான் அடிக்க வேண்டும். முன்பே அடித்தால் மற்ற பூச்சுகள் ஒட்டாது, பின்னால் வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும். நீண்ட வளையும் குழாயும், எல்லாப் பக்கமும் தெளிக்கும் நுனியும் கொண்ட டப்பாவை வாங்கி, குழாயைச் சேஸிஸ் துளை வழியே கடைசிவரை செலுத்தி, மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே தெளிக்க வேண்டும். கதவின் உட்புறத்தில் கீழ் மடிப்புக்கு மட்டும் தெளித்து, கண்ணாடி ஓடும் பகுதியையும் ஸ்பீக்கரையும் தவிர்க்க வேண்டும். ஓர் இரவு வடியவிட்ட பிறகு, எழுதி வைத்த எண்ணிக்கையைச் சரிபார்த்து எல்லா வடிகால் துளைகளையும் திறந்துவிட வேண்டும். துளை அடைபட்ட சில், பூச்சே இல்லாத சில்லைவிட வேகமாக உளுத்துப்போகும்.

தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்தாலும், முழுமையாக இறுகப் பொதுவாக ஒரு வாரம் ஆகும். அதுவரை வத்தல்மலை ஏற்றமும் அழுத்த நீரும் வேண்டாம். அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்கு மழை ஓய்ந்ததும், அடிப்பாகத்தைக் கழுவி விளக்கைப் பிடித்துப் பார்த்து, கல் பெயர்த்த புள்ளிகளைத் தேய்த்து எபாக்ஸியால் தொட்டு வைக்க வேண்டும். மெழுகு வறண்டு தெரியும் இடங்களில் மட்டும் மீண்டும் தெளித்தால் போதும்.