நாய்க்கு ட்ரீட் வாங்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

தினமும் போடும் உணவை வாங்கும்போது பிராண்ட், வயது, புரத அளவு என்று எல்லாவற்றையும் துருவிப் பார்ப்பவர்கள்கூட, கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் ட்ரீட், அதாவது நாய்த் தின்பண்டப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கொஞ்சமாகத்தானே கொடுக்கிறோம் என்ற நினைப்புதான் காரணம். அந்தக் கொஞ்சத்தில்தான் பெரிய பெரிய வம்புகள் வந்திருக்கின்றன.

முதல் தவறு, கண்ணாடி ஜாடியிலிருந்து சில்லறையாக வாங்குவது. சிவப்பு, பச்சை, வெள்ளை என்று குச்சிகளும் முடிச்சுப் போட்ட எலும்புகளும் ஜாடியில் இருக்கும்; கடைக்காரர் கையை விட்டு நாலு எடுத்துத் தருவார். யார் தயாரித்தது, எப்போது தயாரித்தது, என்ன சேர்த்தது என்று எதுவும் தெரியாது. அந்தக் கலர் உங்களுக்காகத்தான். நாயின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது.

சரி, பாக்கெட்டாக வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறோம்? வாயை வெட்டி, பழைய பூஸ்ட் பாட்டிலில் கொட்டிவிட்டு கவரைக் குப்பையில் போடுகிறோம். தொகுப்பு எண்ணும் காலாவதித் தேதியும் கவரோடு போய்விடும். நாளைக்கு அந்தத் தொகுப்பை நிறுவனம் திரும்பப் பெற்றால், நம் பாட்டிலில் இருப்பது அதுதானா என்று சொல்ல வழியே இல்லை. கவரோடு சேர்த்து டப்பாவில் வைத்தால் முடிந்தது வேலை.

அடுத்து, நான் ரொம்பவே அழுத்திச் சொல்ல நினைப்பது ஜெர்க்கி பற்றி. சிக்கனையோ வாத்திறைச்சியையோ மெல்லிய பட்டைகளாக வெட்டிக் காயவைத்தது. பார்த்தாலே இறைச்சி என்று தெரிவதால், மாவுருண்டை பிஸ்கட்டைவிட இது சுத்தம் என்று தோன்றும். அமெரிக்காவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். 2007 முதல் அங்கே ஜெர்க்கி தின்ற நாய்களுக்கு உடம்பு சரியில்லை என்று உணவு, மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் வரத் தொடங்கின. 2015 முடிவதற்குள் சுமார் 5,200 புகார்கள். 6,200-க்கும் மேற்பட்ட நாய்கள். அவற்றில் 1,140-க்கும் மேல் இறந்துபோனதாகச் சொல்லப்பட்டது. பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த சரக்கு. நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் பரிசோதித்தும் இன்னதுதான் காரணம் என்று அந்த நிர்வாகத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2013 ஜனவரியில் நியூயார்க் மாநில வேளாண் துறை, சில ஜெர்க்கிகளில் அனுமதியில்லாத ஆன்டிபயாடிக் மிச்சம் இருப்பதைக் கண்டுபிடித்தது. நெஸ்லே பியூரினா, டெல் மான்டே போன்ற பெரிய நிறுவனங்களே சரக்கைத் திரும்பப் பெற்றன. அந்த மிச்சம்தான் நோயைக் கொடுத்தது என்று நிரூபணமாகவில்லை. ஆனால் சரக்கு கடையை விட்டுப் போனதும் புகார்கள் குறைந்தன. முன்பின் தெரியாத பெயர் அச்சிட்ட ஜெர்க்கி மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில், ட்ரீட்டில் சேர்க்கும் ஒவ்வொரு மூலப்பொருளும் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கவரில் போடவேண்டிய கட்டாயம்கூட இல்லை.

அப்போது பல நாய்களிடம் தெரிந்த ஒரு பாதிப்பு கவனிக்கத்தக்கது. சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சாமல் வெளியே விட்டுவிடும். நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோர்ந்து கிடக்கும். சிறுநீரில் சர்க்கரை இருக்கும், இரத்தத்தில் அளவு சரியாக இருக்கும். ஃபான்கோனி என்பார்கள், பசென்ஜி என்ற நாய் இனத்தில் பரம்பரையாகவும் வரும் நோய் இது. சிறுநீரை மட்டும் பார்த்தால் நீரிழிவு என்று தோன்றிவிடும். அதனால் டாக்டரிடம் போகும்போது என்ன ட்ரீட் கொடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

தோல் எலும்பு விஷயத்தில் தவறு வேறு மாதிரி. மாட்டுத்தோலின் உள்ளடுக்கை ரசாயனத்தில் சுத்தம் செய்து முறுக்கிக் காயவைப்பது இது. 2017-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று, தொழிற்சாலைக் கருவிகளைக் கழுவும் கிருமிநாசினியைத் தோலுக்கே பயன்படுத்தியது தெரியவந்து சரக்கை மொத்தமாகத் திரும்பப் பெற்றது. ஆனால் வீட்டில் நடக்கும் ஆபத்து பெரும்பாலும் ரசாயனத்தால் அல்ல, கடைசித் துண்டால். அரை மணி நேரம் பொறுமையாக மென்ற நாய், ஊறி வழுவழுப்பான அந்தத் துண்டை யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று அப்படியே விழுங்கும். தொண்டையிலோ குடலிலோ சிக்கினால் அறுவை சிகிச்சைதான். சுண்டுவிரல் அளவுக்கு வந்ததும் வேறொன்றைக் காட்டி வாங்கிவிடுங்கள். நாயைத் தனியே விட்டு வெளியே போகும்போது பொழுதுபோக்காக இதைக் கொடுத்துவிட்டுப் போகவே கூடாது.

கெட்டியாக இருந்தால் பல்லுக்கு நல்லது என்பதும் தப்புக் கணக்கு. மான் கொம்பு, காய்ந்த எலும்பு, நேபாளத்திலிருந்து வரும் கல் மாதிரியான பாலாடைக் கட்டி, எல்லாவற்றையும் வாங்குவதற்கு முன் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழாவிட்டால் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பிளக்க வாய்ப்புண்டு. பாலாடைக் கட்டியின் கடைசித் துண்டை மட்டும் மைக்ரோவேவில் வைத்தால் பொரி மாதிரி உப்பிவிடும். நன்றாக ஆறவிட்டுக் கொடுக்கலாம்.

அளவு: ஒரு நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ட்ரீட் கூடாது. பத்துக் கிலோ நாய்க்கு அது சுமார் 60 கலோரி. பல் சுத்தத்துக்கென்று நாய்க்கு மெல்லக் கொடுக்கும் நடுத்தர அளவிலான குச்சி ஒன்றிலேயே 70, 80 கலோரி இருப்பது சகஜம். அப்புறம், பீனட் பட்டர் போன்ற மனிதர் தின்பண்டங்களைக் கொடுப்பவர்கள் சைலிட்டால் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் அது, நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி ஈரலையும் கெடுத்துவிடும்.

ட்ரீட்டால் நாய்க்கு மட்டும்தான் கெடுதல் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2019-இல் அமெரிக்காவில் பன்றிக்காது ட்ரீட்டிலிருந்து சால்மொனெல்லா என்ற பாக்டீரியா பரவி 34 மாநிலங்களில் 154 பேர் நோயுற்றார்கள். நோயுற்றது மனிதர்கள். சிறு பிள்ளைகளும் அதில் உண்டு. ட்ரீட் கொடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், மென்று போட்ட மிச்சத்தைத் தரையில் விட்டுவைக்காதீர்கள்.