பேரவையில் அறிவித்தார்களே, ஊருக்கு ஏன் வரவில்லை? சட்டமன்றம் பற்றி நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடையின் குறுக்கே பாலம் கட்டப்படும் என்று பேரவையில் அமைச்சர் சொல்கிறார். மறுநாள் பேப்பரில் வருகிறது, பேருந்து நிலையத்தில் நன்றி சொல்லி பேனர் கட்டுகிறார்கள். மூன்று மழைக்காலம் போன பிறகும் பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே ஓடையில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். "ஏமாத்திட்டாங்க" என்று ஊர் அலுத்துக்கொள்கிறது. அறிவிப்பு, தீர்மானம், சட்டம், அரசாணை, நிதி எல்லாம் தனித்தனிக் காரியங்கள். ஒன்று வந்ததுமே மற்றதெல்லாம் வந்துவிட்டதாக நினைத்து, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் இருந்துவிடுகிறோம். பல கோரிக்கைகள் இந்த இடைவெளியில்தான் செத்துப்போகின்றன.

அறிவிப்பை அரசாணையாக எடுத்துக்கொள்வது

"110 விதியின் கீழ் அறிவிப்பு" என்பது தமிழ்நாட்டில் எல்லோர் காதிலும் விழுந்த சொல். பேரவை விதி 110-ன்படி பொது முக்கியத்துவம் உள்ள ஒரு விஷயத்தில் முதலமைச்சரோ அமைச்சரோ அறிக்கை படிக்கலாம். அதன் மேல் அப்போது விவாதம் கிடையாது. எவ்வளவு பணம், எந்த ஆண்டுக் கணக்கில், எப்போது முடியும் என்று எந்த உறுப்பினரும் அந்த இடத்தில் கேட்க முடியாது. ஆகவே அந்தக் கேள்விகளைப் பிறகு யாராவது கேட்டே ஆக வேண்டும்.

அறிவிப்புக்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. துறை கருத்துரு அனுப்ப வேண்டும், திட்ட மதிப்பீடு தயாராக வேண்டும், நிதித்துறை இசைய வேண்டும். அதன் பிறகு நிர்வாக ஒப்புதல் தரும் அரசாணை, தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை. நிலம் எடுக்க வேண்டியிருந்தால் அது தனிக் கதை. இதில் எந்தப் படியில் வேண்டுமானாலும் கோப்பு தூங்கலாம்.

எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் மானியக் கோரிக்கை (துறை தன் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்பது) விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகிறது. தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் அது கிடைக்கும். முந்தைய அறிவிப்புகள் எந்த அளவில் இருக்கின்றன என்பதை அதில் தேடுங்கள். இன்னொன்று தகவல் அறியும் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு, 30 நாளுக்குள் பதில். இதில் பலரும் செய்யும் பிழை, "ஏன் இன்னும் பாலம் கட்டவில்லை?" என்று எழுதுவது. அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் அந்தச் சட்டம் தரும், காரணத்தை அல்ல. "அறிவிப்பைத் தொடர்ந்து வெளியான அரசாணையின் எண், நாள், நகல், ஒப்பளிக்கப்பட்ட தொகை, கணக்குத் தலைப்பு, டெண்டர் விளம்பரத்தின் நகல்" என்று கேளுங்கள். அரசாணையே இல்லை என்று பதில் வந்தாலும் அது பெரிய பதில்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ.வைப் பாருங்கள். அமைச்சர் அவையில் தந்த வாக்குறுதிகளைப் பின்தொடரவென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு ஒன்று இருக்கிறது என்பதையும் அவரிடம் நினைவூட்டுங்கள்.

தீர்மானத்தையும் சட்டத்தையும் ஒன்றாக்குவது

தீர்மானம் என்பது அவையின் கருத்து. ஒன்றிய அரசை வலியுறுத்தலாம், கண்டிக்கலாம், யாரையும் கட்டுப்படுத்தாது. சட்டம் ஆக வேண்டுமானால் சட்டமுன்வடிவு அறிமுகமாகி, ஆய்வு செய்யப்பட்டு, நிறைவேறி, ஆளுநரிடம் போக வேண்டும். அரசமைப்பின் 200-வது பிரிவின்படி ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்தலாம், பண மசோதா அல்லாததைத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி வைக்கலாம்.

ஜல்லிக்கட்டையும் நீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். விலங்கு வதைத் தடுப்பும் மருத்துவக் கல்வியும் பொதுப் பட்டியலில், அதாவது ஒன்றியமும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொருள்களின் பட்டியலில், உள்ளவை. இரண்டிலும் ஏற்கனவே ஒன்றியச் சட்டம் இருக்கிறது. அதற்கு முரணான மாநிலச் சட்டம் இங்கே செல்ல வேண்டுமானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கட்டாயம். 2017 ஜனவரி 23 அன்று பேரவை நிறைவேற்றிய ஜல்லிக்கட்டுச் சட்டத்துக்கு அந்த மாத முடிவுக்குள் ஒப்புதல் வந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பர் 13 அன்று நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8 அன்று பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையிலேயே தெரிவித்தார். பேரவை இரண்டையும் நிறைவேற்றிய முறை ஒன்றே. முடிவை மாற்றியது டெல்லியின் ஒப்புதல். "பேரவையில் நிறைவேற்றிவிட்டோம்" என்று யார் மேடையில் முழங்கினாலும், அந்தப் பொருள் மாநிலப் பட்டியலா பொதுப் பட்டியலா என்று முதலில் பாருங்கள்.

ஒப்புதல் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. "அரசு அறிவிக்கும் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்" என்ற வரி பல சட்டங்களின் முதல் பிரிவிலேயே இருக்கும். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ஐச் சேர்ந்தது. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22 அன்றுதான். இடையில் அந்தச் சட்டத்தைக் காட்டி வழக்காடப் போனவருக்கு அது கைகொடுத்திருக்காது. சட்டத்தின் ஆண்டை மட்டும் பார்த்து நம்பாமல், அரசிதழில் வந்த அமலாக்க அறிவிக்கையையும் பாருங்கள்.

எல்லா வாக்கெடுப்புக்கும் 118 என்று நினைப்பது

234 இடங்களில் பாதிக்கு மேல் 118. ஆட்சி அமைக்கும் கணக்கில் இந்த எண் சரி. ஆனால் அவையில் சாதாரண வாக்கெடுப்பு, நம்பிக்கை வாக்கெடுப்பு உட்பட, வந்திருந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மையைத்தான் பார்க்கும். 200 பேர் வாக்களித்தால் 101 போதும். 1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. 543 தொகுதிகளின் பாதியைத் தாண்ட 272 வேண்டும். அரசைக் கவிழ்த்ததோ 270. வெளிநடப்பு செய்கிறவரும் வராமல் இருக்கிறவரும் வெற்றிக் கோட்டைக் கீழே இறக்குகிறார்கள் என்பதே இதன் பொருள். உங்கள் உறுப்பினர் முக்கியமான வாக்கெடுப்பில் வெளிநடப்பு செய்தால், "எதிர்ப்பைக் காட்டினார்" என்று மட்டும் எண்ணாதீர்கள். எண்ணிக்கையில் அது யாருக்கு உதவியது என்று கேளுங்கள். பேரவைத் தலைவரை நீக்கும் தீர்மானத்துக்குக் கணக்கு வேறு: 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அப்போதைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வேண்டும்.

"நம்ம எம்.எல்.ஏ. மனசாட்சிப்படி எதிர்த்து ஓட்டுப் போடட்டும்" என்று கேட்பது

கேட்பது நியாயம்தான், ஆனால் அரசமைப்பின் பத்தாவது அட்டவணை குறுக்கே நிற்கிறது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்பவர்) உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்தால் தப்பிக்கலாம் என்ற வழி 2003-ல் அடைக்கப்பட்டது. வாக்கெடுப்பே நடக்காமலும் பதவி போகும். 2017-ல் முதலமைச்சருக்கு ஆதரவு இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள், தாமாகவே கட்சி உறுப்பினர் தகுதியை விட்டுக்கொடுத்ததாகக் கருதப்பட்டுத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். 2019 இடைத்தேர்தல் வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல், அந்த 18 தொகுதி மக்களுக்குப் பேரவையில் குரலே இல்லை. அந்த இழப்பைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு.

ஆகவே ஓட்டைக் கேட்பதைவிடக் கேள்வியைக் கேளுங்கள். வினாவுக்கும் கவன ஈர்ப்புக்கும் (அவசரப் பிரச்சினையை அமைச்சர் கவனத்துக்குக் கொண்டுவருவது) கொறடா தடையாக நிற்பது அரிது. ஆளுங்கட்சி உறுப்பினரும் தன் தொகுதி மருத்துவமனையில் எத்தனை மருத்துவர் பணியிடம் காலி என்று வினா கொடுக்கலாம். வினாவை நீங்களே எழுதிக் கொடுங்கள்: ஒரே துறை, ஒரே பொருள், எண்ணில் பதில் வரக்கூடியது.

தவறான கதவைத் தட்டுவது

தெருவிளக்கு, சாக்கடை, குப்பை எல்லாம் ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி உறுப்பினர் வேலை. காவல், ஆரம்ப சுகாதார நிலையம், நிலப் பதிவு மாநிலம், அதற்கு எம்.எல்.ஏ. ரயில், தபால், பாஸ்போர்ட் ஒன்றியம், அதற்கு எம்.பி. குழப்பம் வருவது கலப்பான வேலைகளில். ரயில்வே கேட்டில் மேம்பாலம் கேட்கிறீர்கள் என்றால், பொதுவாகத் தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதியை ரயில்வேயும் இருபுறச் சாய்தளத்தை மாநில நெடுஞ்சாலைத் துறையும் கட்டும். நிலம் எடுப்பது மாநிலம். நடுவில் மட்டும் பாலம் எழும்பி, இரண்டு பக்கமும் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எம்.பி.யிடம் மட்டும் மனு கொடுத்தால் பாதிப் பாலத்துக்குத்தான் மனு கொடுத்திருக்கிறீர்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதியிலும் இதே மாதிரித் தவறு நடக்கிறது. எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. இந்தப் பணம் அவர்கள் கைக்கு வருவதில்லை. அவர்கள் பரிந்துரைப்பார்கள், மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் தரும், துறையோ உள்ளாட்சியோ செய்யும். பொதுப் பயனுக்கான நிலையான சொத்துக்குத்தான் இந்த நிதி. மகள் கல்யாணத்துக்கோ கோயில் திருப்பணிக்கோ இதிலிருந்து கேட்டால் அவரால் தரவே முடியாது.

மனுக்கள் குழுவை மறந்துவிடுவது

பேரவையின் மனுக்கள் குழுவுக்குக் குடிமக்கள் நேரடியாக எழுதலாம். குழு மாவட்டங்களுக்கும் வருகிறது. வருமுன் ஆட்சியர் அலுவலகம் செய்திக்குறிப்பில் மனு கேட்கும். தள்ளுபடியாகும் மனுக்கள் எங்கே சறுக்குகின்றன என்பது அந்தச் செய்திக்குறிப்பிலேயே இருக்கிறது. நீண்ட நாளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. தமிழில், ஐந்து பிரதிகள், தேதியோடு கையொப்பம். வேலை, முதியோர் ஓய்வூதியம், பட்டா, வங்கிக் கடன், பணியிட மாற்றம், கோர்ட்டில் இருக்கும் வழக்கு ஆகியவற்றை எடுக்க மாட்டார்கள். முகவரி: தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009. பாலத்துக்காக எழுதுகிறீர்கள் என்றால், பேரவையில் அறிவிப்பு வந்த நாளை முதல் வரியில் எழுதி, தகவல் உரிமையில் வந்த பதிலின் நகலை ஐந்து பிரதிகளோடும் இணைத்து, மழைக்காலத்தில் அந்த ஓடையைக் கடக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைப் பள்ளியில் கேட்டுச் சேருங்கள்.