மாஸ்க் போட்டுக்கொண்டு பேசும்போது காது மந்தமானவருக்குப் புரியவைப்பது எப்படி

பட்டை, மட்டை, கட்டை, தட்டை, சட்டை. இந்த ஐந்து சொற்களுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். செவித்திறன் குறைந்தவர் இவற்றைப் பிரித்து அறிவது காதும் கண்ணும் சேர்ந்து செய்கிற வேலை. பட்டைக்கும் மட்டைக்கும் உதடு ஒரே மாதிரி மூடும். பார்த்தால் தெரியாது. ஆனால் 'ம'வின் மூக்கொலி தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால் மந்தமான காதுக்கும் எட்டிவிடும். பட்டைக்கும் கட்டைக்கும் கதை நேர் எதிர். ஒலியில் உள்ள வேறுபாடு மெல்லியது, காது தவறவிட்டுவிடும். உதடு மூடுகிறதா இல்லையா என்பதைக் கண் பிடித்துவிடும். காது விட்டதைக் கண் எடுக்கும், கண்ணுக்குத் தெரியாததைக் காது எடுக்கும்.

மாஸ்க் வந்ததும் கண்ணின் பங்கு முழுசாகப் போய்விடுகிறது. காதின் பங்கிலும் ஒரு பகுதி போகிறது. சத்தத்தை மட்டும் கூட்டி இதை ஈடுகட்ட முடியாது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன.

மாஸ்க் எந்த ஒலியை மறைக்கிறது?

அ, ஆ, உ, ஓ போன்ற உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் (அலைவரிசையை அளக்கும் அலகு) கீழே இருக்கிறது. மாஸ்க் இவற்றை அதிகம் தொடுவதில்லை. ச, ஸ, ஷ போன்ற ஒலிகளும், த, ட தொடங்கும்போது வரும் சின்ன வெடிப்பும் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே நிற்கின்றன. அடி விழுவது அங்கேதான். 2000 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரையில் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் 3, 4 டெசிபல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) குறைக்கும். என்95 மாஸ்க் 12 டெசிபல் அளவுக்குக் குறைக்கும். நெருக்கமாக நெய்த தடித்த துணியில் தைத்த மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க்கைவிட மோசம்.

வயதானால் வரும் செவித்திறன் குறைவும் இதே உயர் அலைவரிசையில்தான் ஆரம்பிக்கிறது. ஏற்கெனவே தேய்ந்த இடத்திலேயே மாஸ்க்கும் கை வைக்கிறது. அதனால்தான் பலரும் 'பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல' என்கிறார்கள். அது சாக்கு இல்லை. உயிரொலிகள் முழுசாக வந்துசேர்கின்றன, மெய்யொலிகள் வழியிலேயே உதிர்கின்றன என்பதை அவர்கள் துல்லியமாகச் சொல்கிறார்கள்.

கத்தினால் என்ன ஆகும்? ஆ, ஓ எல்லாம் இன்னும் பெரிதாகும். 'ச'வும் 'த'வும் அந்த அளவுக்குப் பெரிதாகாது. பெரிதான உயிரொலி பக்கத்தில் இருக்கும் மெய்யொலியை மூடிவிடும். உள்காது பாதிப்பு உள்ள பலருக்கு மெல்லிய ஒலி கேட்காது, உரத்த ஒலியோ மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவே காதைக் குத்தும். மாஸ்க்குக்கு மேலே தெரிகிற கண்ணும் புருவமும், கத்தும்போது கோபமாகவே தெரியும்.

பேசுபவர் செய்ய வேண்டியது

முதலில் கவனத்தைத் திருப்புங்கள். எதிரே வந்து நின்று, பெயரைச் சொல்லி, அவர் உங்களைப் பார்த்த பிறகு ஆரம்பியுங்கள். முதல் நாலு சொற்கள் போய்விட்டால் பின்னால் வருவதை ஊகிக்கவும் வழி இருக்காது.

அடுத்து, தூரம். திறந்த இடத்தில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். சர்ஜிக்கல் மாஸ்க் எடுத்துக்கொண்டதைவிட இது அதிகம். மாஸ்க் போட்டிருக்கிறோம், இடைவெளி கட்டாயமில்லை என்றால், 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வருவதைப்போலப் பலன் தருவது வேறு எதுவும் இல்லை. காசும் செலவில்லை. மின்விசிறி, டிவி, ஏசி இவற்றில் நிறுத்த முடிந்ததை நிறுத்திவிடுங்கள். கதவை மூடுங்கள். வெறும் சுவரும் கண்ணாடியும் உள்ள பெரிய கூடத்தைவிட, திரைச்சீலையும் துணி இருக்கையும் உள்ள சின்ன அறை நல்லது, எதிரொலி குறையும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும், முதுகுப்பக்கம் ஜன்னல் இருக்கக் கூடாது. உதடுதான் மறைந்துவிட்டது, கண்ணும் புருவமும் கையுமாவது தெரியட்டும்.

பேச்சின் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள், குரலைக் கொஞ்சம் உயர்த்துங்கள், இரண்டுமே கொஞ்சம்தான். எழுத்தெழுத்தாக இழுத்துப் பேசினால் சொல்லின் உருவமே கெட்டுவிடும். அதைவிட, வாக்கியத்தை இயல்பான துண்டுகளாக உடைத்து நடுவில் நிறுத்துங்கள். 'நாளைக்குக் காலையில... பத்து மணிக்கு... வெறும் வயித்தோட வாங்க.' நிறுத்தும் அந்த நேரத்தில்தான் கேட்பவரின் மூளை விட்டுப்போன எழுத்துகளை நிரப்பிக்கொள்கிறது. தலைப்பை முன்கூட்டியே சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். 'மாத்திரையைப் பத்திச் சொல்றேன்' என்று ஆரம்பித்தால், அடுத்து எந்த மாதிரிச் சொற்கள் வரும் என்று அவர் எதிர்பார்ப்பார்.

புரியவில்லை என்றால் ஒரு முறை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். இரண்டாவது முறையும் புரியவில்லை என்றால் சொற்களை மாற்றுங்கள். காதுக்கு எட்டாத ஒலி பத்து முறை சொன்னாலும் எட்டாது. வேறு சொல்லுக்கு வேறு ஒலிகள் கிடைக்கும். 'சட்டையைக் கழட்டுங்க' போய்ச் சேரவில்லையா? 'மேல் துணியை எடுத்துடுங்க' என்று சொல்லி, உங்கள் சட்டையைத் தொட்டுக் காட்டுங்கள்.

எண்களுக்குத் தனிக் கவனம் தேவை. இருபது, அறுபது, எழுபது, மூன்றுக்கும் வால் ஒன்றுதான். தலையில் உள்ள ஓரிரு எழுத்தை மாஸ்க் மங்கலாக்கினால் மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். 'அறுபது' என்று சொன்ன கையோடு 'ஆறு, சைபர்' என்று தனித்தனி இலக்கமாகவும் சொல்லுங்கள், விரலாலும் காட்டுங்கள். தேதி, நேரம், பணம், மருந்தின் அளவு எல்லாவற்றுக்கும் இதுவே முறை.

'கேட்டுச்சா?' என்று மட்டும் கேட்காதீர்கள். பத்து முறை கேட்டுச் சலித்தவர், கூச்சத்தில் 'சரி சரி' என்று தலையாட்டிவிடுவார். 'எத்தனை மணிக்கு வரணும்னு சொன்னேன்?' என்று கேட்டால்தான் என்ன போய்ச் சேர்ந்தது என்பது தெரியும். 'ஒண்ணுமில்ல, விடுங்க' என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். அவரைப் பேச்சிலிருந்தே வெளியே அனுப்பும் சொல் அது.

ஒளி புகும் மாஸ்க்கும் முகத்தடுப்பும்

வாய்ப்பகுதியில் ஒளி புகும் சாளரம் வைத்த மாஸ்க், உதட்டைத் திருப்பித் தருகிறது. ஆனால் ஒலியை இன்னும் அதிகமாகத் தடுக்கிறது. பிளாஸ்டிக் வழியே காற்று புகாது, உயர் அலைவரிசையும் எளிதில் புகாது. சாளரம் உள்ள மாஸ்க் 8 டெசிபலுக்கு மேலேயே குறைக்கலாம். ஆகவே எதிரே இருப்பவர் யார் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் உள்ளவருக்கும், சைகை மொழி பேசுபவருக்கும் சாளர மாஸ்க் வேண்டும். சைகை மொழி வெறும் கையசைவு இல்லை. வாயின் வடிவமும் கன்னமும் பொருளைச் சுமக்கின்றன. உதட்டைப் பார்க்காமல் ஒலியை மட்டுமே நம்புபவருக்குச் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்கே மேல்.

சாளரத்தில் ஆவி படிந்தால் எல்லாம் வீண். போடுவதற்கு முன் உள்பக்கம் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை மெல்லத் தடவி, மென்மையான துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மூக்குப் பகுதி இறுக்கமாகப் பொருந்தினால் ஆவி மேலே ஏறி மூக்குக் கண்ணாடியை மறைப்பதும் குறையும். நேர் எதிரே விளக்கு இருந்தால் பிளாஸ்டிக் பளபளத்து உதட்டை மறைக்கும். தலையைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள்.

முகத்தடுப்பு (ஃபேஸ் ஷீல்ட்) மட்டும் போட்டால் முகம் முழுசாகத் தெரியும். ஆனால் பக்கமும் கீழும் திறந்திருப்பதால் அது மாஸ்க்குக்கு ஈடான பாதுகாப்பு தராது. மாஸ்க்குக்கு மேலே அதையும் போட்டால் ஒலிக்கு இரட்டைத் தடை.

காதுக்குப் பின்னால் இடப் பற்றாக்குறை

காது கேட்கும் கருவி, மூக்குக் கண்ணாடியின் காம்பு, மாஸ்க்கின் எலாஸ்டிக். மூன்றும் காதுக்குப் பின்னால் உள்ள அதே சின்னப் பள்ளத்துக்குத்தான் போட்டிபோடுகின்றன. மாஸ்க்கைக் கழற்றும்போது எலாஸ்டிக் கருவியின் மெல்லிய கம்பியில் மாட்டி, கருவி தெறித்து விழுவது அடிக்கடி நடக்கிறது. தெருவில், பேருந்தில் விழுந்தால் அதோடு சரி. விலையுயர்ந்த கருவி, மாற்று கிடைக்கும்வரை நாட்கணக்கில் மௌனம்.

போடும் வரிசை: கருவி, பிறகு கண்ணாடி, கடைசியில் மாஸ்க். எலாஸ்டிக் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்க வேண்டும். கழற்றும்போது மேசைக்கோ கட்டிலுக்கோ மேலே குனிந்துகொள்ளுங்கள். ஒரு கையின் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கருவியைக் காதோடு பிடித்துக்கொண்டு, மறு கையால் எலாஸ்டிக்கை நேராக வெளிப்பக்கம் இழுத்து விடுங்கள். முன்பக்கமாகச் சுண்டி இழுப்பதுதான் கருவியைத் தூக்கி எறிகிறது. பிறகு இரண்டு காதையும் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும்.

எலாஸ்டிக் காதில் படாமல் இருக்க எளிய வழி, பின்கழுத்துப் பட்டை. 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளத் துணிப்பட்டையின் இரு முனையிலும் ஒவ்வொரு பெரிய பிளாஸ்டிக் பொத்தானைத் தைத்து, மாஸ்க்கின் வளையங்களைப் பொத்தான்களில் மாட்டிவிடுங்கள். கன்னத்தின் ஓரம் இடைவெளி விழுந்தால் பட்டை நீளமாக இருக்கிறது என்று பொருள், சுருக்குங்கள். காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) உள்ளவர் உலோகப் பொத்தானையும் கிளிப்பையும் தவிர்க்க வேண்டும். தலையில் ஒட்டியிருக்கும் சுருளின் காந்தம் அவற்றை இழுத்து, இடத்தை விட்டு நகரலாம். பட்டையும் சுருளுக்குக் கீழே, பின்கழுத்தில் இருக்கட்டும்.

தலையைச் சுற்றும் இரண்டு பட்டைகள் உள்ள என்95 என்றால் வரிசை தலைகீழ்: முதலில் மாஸ்க், பிறகு கருவி. கழற்றும்போது முதலில் கருவி.

கரகரவென்று சத்தம் கேட்டால், எலாஸ்டிக்கோ துணியோ கருவியின் மைக்கில் உரசுகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிகளில் மைக்கின் துளைகள் கருவியின் மேல்பக்கத்தில் இருக்கும். அந்த இடத்தைத் திறந்து விடுங்கள்.

கருவியில் செய்யக்கூடியது

முதலில் காதழுக்கு வடிகட்டியை மாற்றிப் பாருங்கள். அது அடைத்திருந்தாலும் ஒலி மங்கும், பழி மட்டும் மாஸ்க்குக்குப் போகும். பிறகு ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) சொல்லி, மாஸ்க்குக்கென்று தனி புரோகிராம் ஒன்று வைக்கச் சொல்லுங்கள்: 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே சில டெசிபல் மட்டும் கூட்டியது. நீங்களாக வால்யூமைக் கூட்டினால் தாழ்ந்த ஒலியும் சேர்ந்து ஏறி, கத்தியதற்கு ஒப்பான பலனைத்தான் தரும். உயர் அலைவரிசையைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு. காதில் பொருந்தாத இடைவெளி இருந்தால் கருவி 'கீ' என்று விசிலடிக்கும்.

இதைவிட வலுவான தீர்வு, பேசுபவர் அணியும் தனி மைக். அது அவர் குரலைக் கம்பியில்லாமல் நேரே கேட்பவரின் கருவிக்கு அனுப்பும். மாஸ்க் ஒலியை விழுங்குவதைவிடப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதே அதிகம் என்பதால், சட்டையில் குத்திய மைக்கை மாஸ்க் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. வாய்க்குக் கீழே சுமார் 15 சென்டிமீட்டரில், நடு மார்பில் குத்துங்கள். சங்கிலி, துப்பட்டா, அடையாள அட்டை உரசக் கூடாது. சாளர மாஸ்க்கும் இந்த மைக்கும் சேர்ந்தால் உதடும் ஒலியும் இரண்டுமே திரும்பக் கிடைக்கின்றன. வகுப்பறைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஐபோனும் அதனுடன் இணையும் கருவியும் இருந்தால், 'லைவ் லிசன்' வசதி போனையே இப்படிப்பட்ட மைக்காக மாற்றும். போனைப் பேசுபவர் பக்கத்தில் வையுங்கள்.

கேட்பவர் கையில் உள்ளது

'என்ன?' என்று மட்டும் கேட்டால் எதிரே இருப்பவர் சத்தத்தைக் கூட்டுவார், வேறொன்றும் மாறாது. கேட்ட பகுதியைச் சொல்லி, விட்டதைக் கேளுங்கள்: 'நாளைக்குக் காலையிலன்னு கேட்டுச்சு. மணி எத்தனை?' அப்போது அவர் ஒரே ஒரு சொல்லைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். 'எனக்குக் காது சரியாகக் கேட்காது, பக்கத்தில் வந்து நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்' என்று பெரிய எழுத்தில் போனில் வைத்திருந்து, பேச்சு தொடங்கும் முன்பே காட்டுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' பேச்சைத் தமிழிலேயே எழுத்தாக்கித் திரையில் காட்டும். மொழியை முன்கூட்டியே தமிழுக்கு மாற்றி வையுங்கள். மைக் பெரும்பாலும் போனின் கீழ் விளிம்பில் இருக்கும். அந்த விளிம்பைப் பேசுபவர் பக்கம் திருப்பி, முடிந்த அளவு அவர் அருகில் பிடியுங்கள். மாஸ்க் மங்கலாக்கிய ஒலிதான் அதற்கும் போகிறது, ஆகவே அதுவும் தப்பாக எழுதும்; பெயர்களிலும் எண்களிலும் அதிகம் தடுமாறும்.

தொற்றுக்குப் பயந்து நெருங்கவே முடியாத நிலையில், ஒருவர் பக்கத்து அறைக்குப் போய் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வீடியோ அழைப்பில் பேசலாம். முகம் முழுசாகத் தெரியும், போனோடு இணையும் கருவி என்றால் ஒலியும் நேரே கருவிக்குப் போகும். மருத்துவமனைப் படுக்கையில் கருவியே இல்லாமல் இருப்பவருக்கு மருத்துவர்களிடையே பழைய உத்தி ஒன்று உண்டு: ஸ்டெதாஸ்கோப்பின் காதுமுனைகளைத் துடைத்து நோயாளியின் காதில் மாட்டி, மறுமுனையில் மெதுவான குரலில் பேசுவது. தட்டவோ உரக்கப் பேசவோ கூடாது, காது வலிக்கும்.

எந்த வழியில் பேசினாலும் தேதி, நேரம், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தடித்த பேனாவால் தாளில் எழுதி, அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.