வீட்டில் நாஸ் அமைக்க: டிஸ்க் தேர்விலிருந்து ரீஸ்டோர் வரை

நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் இணைந்து, எல்லாக் கருவிகளின் ஃபைல்களையும் சேமிக்கும் பெட்டி. பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டியே தாராளம். 4 டிபி டிஸ்க் இரண்டை ரெய்டு 1-இல் (இரண்டிலும் ஒரே தகவலை எழுதும் முறை) போட்டால் கிடைப்பது 4 டிபிதான். அதையும் விண்டோஸ் 3.63 என்று காட்டும். இடம் எங்கும் போய்விடவில்லை. டிஸ்க் தயாரிப்பவர் 1000-ஆல் வகுக்கிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

வாங்குமுன் டேட்டாஷீட்டில் சிஎம்ஆர் (டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று இருக்கிறதா பாருங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் டிராக்குகள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஓரிடத்தைத் திருத்தி எழுத, பக்கத்து டிராக்குகளையும் திரும்ப எழுதியாக வேண்டும். சாதாரண நாளில் இது தெரியாது. ஒரு டிஸ்க் பழுதாகி, புதியதில் ரீபில்டு (தகவலைத் திரும்ப நிரப்பும் வேலை) ஓடும்போதுதான் வேகம் படுத்துவிடும். புது டிஸ்க்கை மாட்டியதும் எஸ்எம்ஏஆர்டி நீள்சோதனையை (டிஸ்க் தன்னைத்தானே முழுதாகச் சரிபார்ப்பது) ஓட்டிவிட்டுத் தகவலை ஏற்றுங்கள்.

நாஸை ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள். கேட் 5இ வகைக் கேபிள் போதும். பிறகு கேபிளில் இணைந்த கம்ப்யூட்டரிலிருந்து பெரிய வீடியோ ஃபைல் ஒன்றைக் காப்பி செய்யுங்கள். நொடிக்கு 110 எம்பி அளவில் ஓட வேண்டும். 11-இல் நின்றால் டிஸ்க்கைச் சந்தேகிக்காதீர்கள், கேபிளை மாற்றுங்கள். ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். அதனால் மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனால் இணைப்பு அறுவதற்குப் பதில் சத்தமில்லாமல் வேகம் இறங்கிக்கொள்ளும். 1 டிபி முதல் பேக்கப் இரண்டரை மணி நேரத்தில் முடிவதற்குப் பதில் ஒரு நாளைத் தாண்டும். கேபிள் சரியாக இருந்தும் 11-தான் என்றால் ரவுட்டரின் போர்ட்டே 100 மெகாபிட்டாக இருக்கலாம். ஒரு ஜிகாபிட் ஸ்விட்ச் போட்டால் தீர்ந்தது.

நாஸின் ஐபி முகவரியை ரவுட்டரிலேயே நிலையாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மின்தடைக்குப் பின் முகவரி மாறி, பேக்கப் நின்றுபோனது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

பேக்கப்புக்கு ஒரு ஃபோல்டர், படம் பாட்டுக்கு வேறொன்று. பேக்கப் ஃபோல்டரில் எழுதும் உரிமை அதற்கென்றே உருவாக்கிய யூசருக்கு மட்டும் இருக்கட்டும். அந்தப் பாஸ்வேர்டு பேக்கப் மென்பொருளில் மட்டும். அன்றாட லாகினுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தால், கம்ப்யூட்டரில் நுழைந்த ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) பேக்கப்பையும் பூட்டிவிடும். நாஸில் தினசரி ஸ்னாப்ஷாட்டையும் (அந்த நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையின் பதிவு) போட்டுவையுங்கள். மேக்கின் பேக்கப் மென்பொருளான டைம் மெஷின் கிடைத்த இடத்தையெல்லாம் விழுங்கும் சுபாவம் கொண்டது. மேக்கின் டிஸ்க் அளவைப்போல் இரு மடங்கு என்று கோட்டா (உச்சவரம்பு) வைத்தால் அடங்கும்.

நாஸிலுள்ள படங்களை டிவியில் பார்க்க ஜெல்லிஃபின் மென்பொருள் நல்ல தேர்வு. டிவி நேரடியாக வாசிக்கும் ஃபார்மட் என்றால் சின்ன பிராசஸரே சமாளிக்கும். படம் திக்கித் திக்கி ஓடினால் சப்டைட்டிலை நிறுத்திப் பாருங்கள்: பட வடிவச் சப்டைட்டிலை டிவி ஏற்காதபோது, நாஸ் முழு வீடியோவையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் நாஸின் போர்ட்டை நேரடியாகத் திறக்காதீர்கள், வயர்கார்டு என்ற விபிஎன் போடுங்கள்.

ரெய்டு 1 பேக்கப் ஆகாது; தவறி அழித்த ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும் அழியும். வாரம் ஒருமுறை யுஎஸ்பி டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரை வேறு இடத்தில் ரீஸ்டோர் செய்து, நாலு ஃபைலையாவது திறந்து பாருங்கள்.